பெண்ணுக்குப் போட்டுப் பார்

எனக்குக் கைதான் முதலில் பேசும்; வாய் பின்னால்தான் வரும். மோகனூருக்குப் பக்கத்தில், வாய்க்கால் தண்ணீர் பாயும் ஊரில், கரும்பும் வாழையுமாக நான் விவசாயம் பார்த்த காலத்தில் என்னிடம் அடி வாங்காத ஆள் குறைவு. என் முறைத் தண்ணீரை விடியுமுன் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்ட பங்காளியின் மண்டையை மண்வெட்டிக் காம்பால் பிளந்திருக்கிறேன். கரும்பு லோடு ஏற்றும்போது எதிர்த்துப் பேசிய லாரி டிரைவரை ஸ்டியரிங்கிலிருந்து இழுத்துப் போட்டு மிதித்திருக்கிறேன். உழவில் படுத்துக்கொண்ட எருதின் வாலைக் கடித்திருக்கிறேன். மனைவியை அடித்ததை அப்போது அடியாகவே நினைத்ததில்லை. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அது மட்டுகூட இல்லை, சுத்தமாகவே இல்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு பிள்ளையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

நான் அறைந்தவர்களில் ஊசி போட வந்த நர்சம்மாவும் ஒருவர். அந்த அறை அவர் கன்னத்தோடு நிற்கவில்லை.

கல்யாணமாகி ஆறு வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. வேண்டாத சாமி இல்லை, சுற்றாத கோயில் இல்லை. எழுபதுகள் முடிந்து எண்பது பிறந்த சமயத்தில் நாமக்கல் ஆஸ்பத்திரியில் இரட்டைக் குழந்தை பிறந்தது. முதலில் பெண், கொஞ்ச நேரம் கழித்துப் பையன். பெண் பிறந்திருக்கிறது என்று ஆயா வந்து சொன்னபோது நான் வேப்பமரத்தடியில் நின்று ஒரு பீடி பற்றவைத்தேன். இன்னொன்று பையன் என்று சொன்னபோது அந்தப் பீடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். இவ்வளவுதான் என் யோக்கியதை.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பையன் என் கையில்தான். காட்டு வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு அவனை வாங்கி, தலை தொட்டுக் கால்வரை பார்ப்பேன். கொசு கடித்திருக்கிறதா, எறும்பு கடித்திருக்கிறதா, கழுத்து மடிப்பில் வேர்த்துப் புண்ணாகியிருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். ஏதாவது சிவப்பாகத் தெரிந்தால் மனைவிக்கு வசவு. தடிப்பாகத் தெரிந்தால் அறை. பெண் குழந்தை தூளியில் கிடக்கும். அழுதால் தூளிக் கயிற்றைக் காலால் ஆட்டிவிட்டுப் போவேன்.

குழந்தைகளுக்கு மூன்று மாதம் முடிந்தபோது ஊசி போடும் நாள் வந்தது. மாதம் ஒருமுறை நர்சம்மா காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், பேச்சு எங்கள் பேச்சு மாதிரி இருக்காது. ஐஸ் வைத்த பெட்டியை மடியிலிருந்து இறக்காமல் கொண்டுவந்து, பாலவாடி அறையில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, கண்ணாடி ஊசிகளைக் கொதிக்கவைப்பார். ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் வருவார்கள், பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்த காலம் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. வெள்ளைச் சேலையைப் பார்த்தாலே ஆண்கள் கரும்புக் காட்டுக்குள் போய்விடுவோம்.

அன்று மனைவியோடு நானும் போனேன். பையனை நான் வைத்திருந்தேன், பெண்ணை அவள் வைத்திருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் முத்தடுப்பு ஊசி போட்டு, வாயில போலியோ சொட்டும் விட்டுடறேன்," என்றார் நர்சம்மா.

"அதென்னுங்க முத்தடுப்பு?"

"தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி. மூணுக்கும் சேத்து ஒரே ஊசி."

எனக்குச் சுருக்கென்றது. முந்தின வருடம்தான், ஆளுக்கும் நேரத்துக்கும் மிச்சமாகட்டும் என்று பருத்திக்கு இரண்டு பூச்சி மருந்தை ஒரே பம்பில் கலந்து அடித்திருந்தேன். மூன்றாம் நாள் காடு முழுக்கக் கருகிப்போனது. பூச்சியும் செத்தது, செடியும் செத்தது. அந்தக் கருகல் வாசனை இன்னும் என் மூக்கில் இருந்தது.

"மூணு மருந்தக் கலந்து ஊசி, அதுக்கு மேல சொட்டு. நாலு சீக்கு மருந்த ஒரே நாள்ல எறக்குனா, இத்தினியூண்டு ஒடம்பு தாங்குமுங்களா? கலந்து அடிச்சா செடியே தாங்க மாட்டீங்குது."

நர்சம்மா அடுப்பைத் தணித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க பம்புல கலக்கற மாதிரி இல்லைங்க இது. எது எதோட சேரும்னு சோதனை பண்ணிப் பாத்துத்தான் கலந்து அனுப்பறாங்க. உங்க பையன் இப்ப என்ன பண்றான் பாருங்க. கட்டை விரலை வாயில வெச்சிருக்கான். அதுல எத்தனை கிருமி போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? பொறந்த நாள்லேருந்து ஆயிரம் கிருமியோட ஒரே நேரத்துல மல்லுக்கட்டற உடம்பு இது. இந்த நாலைத் தாங்காதா?"

"அப்பத் தனித்தனியாப் போடுங்க. மாசம் ஒண்ணு."

"ஒவ்வொண்ணும் மூணு தடவை போடணும். தனித்தனியாப் போட்டா ஒன்பது குத்து. ஒரு குத்துக்கே இந்தக் கேள்வி கேக்கறீங்க, ஒன்பது தடவை வருவீங்களா? சேத்துப் போட்டா மூணுக்கும் நல்லாவே தடுப்பு வரும். நீங்க தள்ளிப் போடற மாசத்துல சீக்கு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பதில் தெரியாதபோது எனக்கு எப்போதும் காதுதான் முதலில் சூடாகும்.

"செரி. பொண்ணுக்குப் போட்டுப் பாருங்க. அவளுக்கு ஒண்ணும் ஆவலீன்னா வார மாசம் பையனுக்குப் போட்டுக்கலாம்."

அறையில் யாரும் இதை வினோதமாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் புது மருந்து, புது உரம் எது வந்தாலும் முதலில் கிணற்றோரத்து ஒற்றைப் பாத்தியில் போட்டுப் பார்ப்போம். போனால் போகிறது என்று நினைக்கும் பாத்தி அது. அது பிழைத்தால்தான் காட்டுக்குப் போடுவோம். எனக்கு என் மகள் அந்த ஒற்றைப் பாத்தி. வெட்கமில்லாமல் இப்போது சொல்கிறேன், அன்று எனக்கு அது புத்திசாலித்தனமாகவே பட்டது.

"பொண்ணுன்னா பரவாயில்லையா?" என்று கேட்டார் நர்சம்மா. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு பெண்ணின் தொடையைக் காட்டினாள். ஊசி போட்டதும் குழந்தை வீரிட்டது. சொட்டு மருந்தையும் விட்டுவிட்டு, ஒரு காகிதத்தில் மாத்திரை மடித்துக் கொடுத்தார். இன்றைக்குக் காய்ச்சல் வரும், தொடை வீங்கும், ஒன்றிரண்டு நாள் அழும், பயப்பட வேண்டாம், மாத்திரையில் கால் பங்கு கரைத்துக் கொடுங்கள், ஈரத் துணியால் துடையுங்கள், பால் கொடுங்கள் என்று மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார்.

சொன்னபடியே பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் வந்தது. தொடை கெட்டியாக வீங்கியது. குழந்தை விடாமல் அழுதது. மனைவி மாத்திரையைக் கரைக்கப் போனாள். ஒரு விஷத்துக்கு இன்னொரு விஷமா என்று அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். வராது என்று சொன்ன காய்ச்சல் வந்திருந்தால் கோபப்படலாம். வரும் என்று சொன்ன காய்ச்சல் வந்ததற்கு நான் கோபப்பட்டேன்.

மறுநாள் காலை என் அய்யன், அதாவது என் அப்பா, சூடு வைக்கிற ஆளைக் கூட்டிவந்தார். பக்கத்து ஊர்க் கிழவர். விரலி மஞ்சளை விளக்கெண்ணெய் விளக்கில் காட்டி, நுனி நெருப்பானதும் குழந்தையின் வயிற்றில் வைப்பார். காய்ச்சல், இழுப்பு, மாந்தம் எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒரே மருந்துதான். மூன்று நோய்க்கு ஒரு ஊசி என்றதற்குச் சண்டை போட்ட நான், முப்பது நோய்க்கு ஒரு நெருப்பு என்றதற்கு வாயைத் திறக்கவில்லை.

"கொழந்தையச் சித்த அமுக்கிப் புடி சாமி," என்றார் கிழவர்.

மனைவி ஓடிவந்து குழந்தையின் மேல் குப்புற விழுந்தாள். அவள் முடியைப் பிடித்துத் தூக்கி, காலால் தள்ளி, உள்ளறையில் போட்டுத் தாழ் போட்டேன். பிறகு உட்கார்ந்து, மகளின் இரண்டு காலையும் ஒரே கையால் பிடித்துக்கொண்டேன். மூன்று மாதக் குழந்தையின் காலுக்கு என் ஒரு கை போதுமானதாக இருந்தது. தொப்புளைச் சுற்றி மூன்று இடத்தில் வைத்தார். முதல் சூட்டில் அவள் கத்தினாள். இரண்டாவதில் வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவதில் உடம்பு வில்லாக வளைந்து என் கையில் மூத்திரம் போனாள். மஞ்சளும் தோலும் சேர்ந்து கருகும் வாசனை வீடு முழுக்க இருந்தது. உள்ளே மனைவி கதவை இடித்துக்கொண்டே இருந்தாள்.

அன்று பொழுதோடு காய்ச்சல் இறங்கிவிட்டது. ஊசிக் காய்ச்சல் அப்படித்தான், வந்த வேகத்தில் போய்விடும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது பெயர் கிழவருக்குத்தான் போனது. காய்ச்சல் போனது, சூட்டுப் புண் போகவில்லை. கொப்புளம் உடைந்து சீழ் வைத்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நான் குழந்தையின் வயிற்றைக் காட்டி, "ஊசி போட்டுக் கெடுத்துப்போட்டாங்க," என்று சொன்னேன். நான் வைத்த புண்ணை ஊசியின் தலையில் கட்டினேன். ஊரும் நம்பியது.

அடுத்த மாதம் நர்சம்மா வந்தபோது நானே பாலவாடிக்குப் போனேன், நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று. அதற்குள் என் மனைவி பெண்ணைத் தூக்கிக்கொண்டு அங்கே முன்னால் போய் நின்றிருந்தாள். நர்சம்மா குழந்தையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கைக்குழந்தைகளோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஊசி போட்டது தொடையில. புண்ணு வயித்துல எப்படி வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குக் காது சூடாகியது.

"இது நெருப்பு. பச்சைக் குழந்தைக்குச் சூடு வெச்சவன் கையை ஒடைக்கணும். புடிச்சுக்கிட்டு நின்னவன் கையையும் சேத்து ஒடைக்கணும்."

அறைந்தேன். அவர் சாய்ந்து அடுப்பின் மேல் விழுந்தார். கொதித்துக்கொண்டிருந்த ஊசித் தண்ணீர் அவர் காலில் கொட்டியது. எனக்கு அது போதவில்லை. ஐஸ் பெட்டியை வாசலுக்கு உதைத்தேன். மூடி கழன்று ஐஸ் புழுதியில் சிதறியது. மருந்துக் குப்பிகள் உருண்டன. ஒவ்வொன்றாகச் செருப்புக் காலால் மிதித்தேன். வேர்க்கடலைத் தோடு உடைகிற மாதிரி உடைந்தன. பெண்கள் குழந்தைகளை வாரிக்கொண்டு ஓடினார்கள். வெளியே நின்ற ஆண்கள் ஒருவர்கூட என் கையைப் பிடிக்கவில்லை. தடுத்திருந்தால் அவர்களையும் அடித்திருப்பேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நர்சம்மா எழுந்தார். உதட்டில் ரத்தம். வெந்த காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, உடையாத குப்பிகள் இரண்டைப் பொறுக்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். ஐஸ் போன பிறகு அந்த மருந்து உதவாது; அவற்றையும் கீழே வைத்துவிட்டார்.

"பதினோரு குழந்தைக்குக் கொண்டாந்தேன்," என்றார். என்னைத் திட்டவில்லை, அழவுமில்லை. அதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நொண்டிக்கொண்டே நடந்தார்.

விஷயம் போலீசுக்குப் போகவில்லை. ஊரில் பெரிய கையான என் பங்காளி ஒருவர், போகவிடாமல் பார்த்துக்கொண்டார். நர்சம்மாவை வேறு பக்கம் மாற்றினார்கள். அந்தப் பக்கத்தில் என் மாமனார் ஊரும் அடக்கம் என்பது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் ஊருக்கு வர எந்த நர்சும் சம்மதிக்கவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருடம் பாலவாடியில் அடுப்பு எரியவில்லை. டீக்கடையில் என்னைப் பார்த்தால் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

அந்த மாதங்களில் மனைவி இரண்டு தடவை தாய்வீட்டுக்குப் போனாள். காலை பஸ்ஸில் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவாள். "பையனும் வரட்டுமுங்களா?" என்று முதல் தடவை கேட்டாள். வெயிலில் அவனை எங்கும் கொண்டுபோகக் கூடாது என்றேன். பெண்ணை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். எதற்குப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. பெண்ணைத் தூக்கிக்கொண்டு எங்கே போனால் எனக்கென்ன?

குழந்தைகளுக்குப் பதினைந்து மாதம் ஆகியிருக்கும். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெட்டுக்கு வந்தவர்களின் குடிசையில் ஒரு குழந்தைக்குக் கழுத்து வீங்கியிருக்கிறது என்றார்கள். நாலு நாளில் அது இறந்துவிட்டது. அந்தக் குழந்தையின் தகப்பன் என்னிடம் வந்து, "பொன்னுக்கு வீங்கிதானுங்க பண்ணாடி, எங்ககிட்டப் பொன்னு ஏது," என்று சொல்லி அழுதான். பொன்னுக்கு வீங்கி என்றால் கழுத்து பொன் கேட்டு வீங்குகிறது என்று எங்கள் பக்கத்தில் அர்த்தம். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு, வேப்பிலை அரைத்துப் பற்றுப் போட்டால் வீக்கம் வடிந்துவிடும். பெரும்பாலும் வடியவும் செய்யும். தானாகவே வடிகிற வீக்கம்தான் அது.

ஒரு வாரம் கழித்து என் மகனுக்குக் கழுத்து வீங்கியது. எனக்குப் பயமே வரவில்லை. அந்த ஏழையிடம் இல்லாத பொன் என்னிடம் இருந்தது. மனைவியின் கழுத்திலிருந்த கெட்டிச் சங்கிலியைக் கழற்றி இரண்டு சுற்றாகப் பையனின் கழுத்தில் போட்டேன். அவன் அதைப் பிடித்து இழுத்து விளையாடக்கூட இல்லை. லேசான காய்ச்சல்தான். ஆனால் மூச்சு விடும்போது கரகரவென்று ஒரு சத்தம் வந்தது.

"ஏனுங்க, இது பொன்னுக்கு வீங்கி மாதிரி தெரியலீங்க. மூச்சே ஒரு தினுசா இருக்குது. நாமக்கல்லுக்குக் கொண்டுபோலாமுங்க," என்றாள் மனைவி.

"சங்கிலி போட்டு ஒரு நாளுதான் ஆச்சு. உனக்குச் சங்கிலி போனதுதான் பெருசாத் தெரியுதா?"

அவள் மறுபடி வாயெடுத்தாள். அறைந்தேன். அப்படியே இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் காலையில் பால் உள்ளே இறங்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குக் கீழே குழி விழுந்தது. உதடு கருநீலமாகிவிட்டது. அந்தப் பெரிய கைப் பங்காளியின் அம்பாசிடரில் நாமக்கல்லுக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்துவிட்டு, உட்காரக்கூட விடாமல் சேலத்துக்கு விரட்டினார். வழியெல்லாம் அந்தக் கரகரப்பு. சங்கிலி அவன் கழுத்துச் சதைக்குள் புதைந்துகிடந்தது. பெண்ணையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, பையனின் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தாள். ஒரே தூளி, ஒரே பால், ஒரே கிலுகிலுப்பையை மாறி மாறிச் சப்பிய குழந்தைகள். பெண் காருக்கு வெளியே போகும் மாடுகளைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

சேலம் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் முதலில் அந்தச் சங்கிலியைக் கழற்றி என் சட்டைமேல் வீசினார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"மூணு நாளுங்க. பொன்னுக்கு வீங்கின்னு..."

"தொண்டை அடைப்பான்யா இது. உள்ளே தோல் கட்டி மூச்சுக்குழாயை அடைச்சிருக்கு. முத்தடுப்பு ஊசி போட்டீங்களா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"இந்தப் பொண்ணுக்கு?"

"மூணு தடவையும் போட்டாச்சுங்க, சொட்டும் விட்டாச்சுங்க," என்றாள் மனைவி.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். டாக்டர் பெண்ணின் வாயைத் திறந்து டார்ச் அடித்தார். சுத்தமாக இருந்தது. "அதான் பொழச்சுது. முழுசாப் போட்டுக்கிட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் வராது, வந்தாலும் லேசா வந்துட்டுப் போயிடும்," என்று சொல்லிக்கொண்டே பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

கதவு மூடியதும் மனைவியின் கூந்தலைப் பிடித்தேன். பெண் அவள் இடுப்பில் இருக்கும்போதே சுவரில் மோதினேன். இரண்டு ஆயாக்களும் ஒரு வார்டு பையனும் சேர்ந்து என்னைப் பிய்த்து எடுத்தார்கள். உள்ளே என் மகனின் தொண்டையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நான் அவன் தாயை அடித்துக்கொண்டிருந்தேன்.

தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். அந்தச் சீக்கின் விஷத்துக்கு முறிவு மருந்தும் ஏற்றினார்கள். உதட்டுக் கருநீலம் கொஞ்சம் மாறியது. எனக்கு நம்பிக்கை வந்தது. மறுநாள் மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, மூச்சுக்கு வழி பண்ணிவிட்டோம், ஆனால் விஷம் முன்னாலேயே இருதயத்தைத் தாக்கிவிட்டது என்றார். முதல் நாளே வந்திருந்தால் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் பக்கத்தில் கிடந்த முக்காலியைத் தூக்கிவிட்டேன். அவர் நகரவில்லை. அசையாமல் அங்கேயே நின்றார். முக்காலியை யார் என் கையிலிருந்து வாங்கினார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. மகன் இறந்துவிட்டான் என்பது மட்டும் ஞாபகமிருக்கிறது. குழாய் வைத்த துளையை ஒரு துண்டுத் துணியால் மூடிக் கொடுத்தார்கள்.

வாழைத் தோட்டத்து மேட்டில் புதைத்தோம். அந்த மாதத்தில் ஊரில் இன்னும் இரண்டு குழந்தைகள் போய்ச் சேர்ந்தன. அன்று பாலவாடியிலிருந்து ஓடிய பெண்களில் இரண்டு பேருடைய குழந்தைகள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரி ஜீப் வந்தது. அதிலிருந்து நான்கைந்து பேர் இறங்கினார்கள். நான் அறைந்த நர்சம்மாவும் இறங்கினார். காலில் வெந்த தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் தொண்டையைப் பார்த்தார்கள். கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளெல்லாம் அன்று திறந்துகொண்டன. ஊசி, சொட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் போடுங்கள், சேர்த்தே போடுங்கள் என்று பெண்கள் முண்டியடித்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். என் வீட்டு வாசலுக்கு வந்த நர்சம்மா, என்னைப் பார்க்காமல் என் மனைவியின் தோளைத் தொட்டார். "அப்பவே பையனையும் எடுத்துக்கிட்டு வான்னு ரெண்டு தடவையும் சொன்னேனேம்மா," என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்.

எனக்கு அது போதும் என்றிருந்தது. அவர் சொல்லியிருக்கிறார், இவள் கேட்கவில்லை. பழியைச் சுமக்க எனக்கு ஒரு தோள் கிடைத்துவிட்டது. ஜீப் போனதும் மாட்டுக் கொட்டகையிலிருந்து சாட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். மனைவி சமையலறை வாசலில் பெண்ணுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"திருட்டுத்தனமா அம்மா ஊட்டுல போயிப் பொட்டப்புள்ளைக்குப் போட்டயே, என்ற பையன எதுக்குடி வுட்டே?"

அவள் எழுந்திருக்கவில்லை. வழக்கமாகத் தலையை மறைத்துக்கொள்ளும் கைகளைத் தூக்கவுமில்லை. சோற்று வட்டலைத் தள்ளி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"அடிக்கறதுன்னா அடிச்சுக்குங்க. ஆனா நாஞ் சொல்றதக் கேட்டுப்போட்டு அடிங்க. பொழுதானா வந்து பையனத் தல தொட்டுக் கால் வரைக்கும் பொரட்டிப் பாத்தீங்க. எறும்புக்கடிக்கே எனக்கு அறை உழுந்துச்சு. தொடையில ஊசி குத்தி வீங்கியிருந்தா என்னைய உசுரோட வுட்டிருப்பீங்களா?"

நான் சாட்டையோடு நின்றேன். விட்டிருக்க மாட்டேன். எனக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும்.

"பொண்ணு தொடையும் ரெண்டு தடவ வீங்குச்சுங்க. ராவெல்லாங் காயுச்சல்ல அனத்துனா. நீங்க ஒரு நாளாச்சுத் தூக்கிப் பாத்தீங்களா? தூக்கிப் பாக்காததுனாலதான் அவ உசுரோட இருக்கறா."

சாட்டையைக் கீழே போட்டுவிட்டேன். அடிக்க வேறு யாரும் இல்லை. குனிந்து, பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக, நானாக மகளுக்கு இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என் கைகளைப் பார்த்தாள். வாயிலிருந்த சோற்றைத் துப்பிவிட்டு, வீரிட்டுக்கொண்டே போய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.